எச்சரிக்கை வரியும் குழந்தையின் கண்ணும்: தமிழ்த் திரையில் புகைத்தற் காட்சிகளைக் கட்டுப்படுத்திய சட்டங்களின் வரலாறு

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் பார்க்கும் எவரும் அறிந்த வரி ஒன்று உண்டு. கதைமாந்தர் ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்ததும் திரையின் அடிப்பகுதியில் அது தோன்றும்; அவர் அணைத்ததும் மறையும். படம் தொடங்குமுன்னும் இடைவேளைக்குப் பின்னும் புகையிலையின் கொடுமையை விளக்கும் குறும்படங்களும் காட்டப்படும். இந்த ஏற்பாடு இந்திய நடுவண் அரசின் சுகாதார விதிகளிலிருந்து பிறந்தது. இதற்காக வாதாடியவர்கள் முன்வைத்த முதன்மையான காரணம் ஒன்றே: நாயகர்களைப் பார்த்துப் பழகும் சிறாரைக் காக்க வேண்டும்.

அந்தச் சிறார் இவ்விதிகளின் செயல்முறையில் எங்கே இருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தமிழ்த் திரையில் புகைத்தல் பெற்ற இடம், பிற நாடுகள் மேற்கொண்ட கட்டுப்பாட்டு வழிகள், 1991 முதல் 2024 வரை இந்தியச் சட்டம் கடந்துவந்த பாதை ஆகியவற்றை நோக்கி இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறேன். குழந்தையின் பெயரால் எழுந்த கட்டுப்பாடு, நடைமுறையில் குழந்தையையும் முதியவரையும் வேறுபடுத்தாத ஒரு சடங்காக மாறிவிட்டது என்பதும், அதைத் திரும்பவும் குழந்தையை நோக்கித் திருப்புவதற்கான வாய்ப்பு இப்போது கனிந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

தமிழ்க் கலையில் புகை

புகையிலை தமிழ் மண்ணுக்கு ஐரோப்பியர் வருகைக்குப் பின் வந்த பயிர். வந்த சில தலைமுறைகளுக்குள் அது இலக்கியத்திலும் இடம் பிடித்தது. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய ‘புகையிலை விடு தூது’ அதற்குச் சான்று. மேகத்தையும் கிளியையும் தூது விட்ட மரபில் புகையிலையைத் தூது விட்ட அந்நூலை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். நகைச்சுவைக்கும் புகழ்ச்சிக்கும் உரிய பொருளாகப் புகையிலையைக் கொண்டாடும் வழக்கம் தமிழில் திரைப்படத்துக்கு மிக முந்தியது என்பதை இது உணர்த்துகிறது.

திரைப்படம் வந்தபின் புகைத்தல் ஒரு குணச்சித்திரக் குறியீடாயிற்று. நகர நாகரிகம், செல்வச் செருக்கு, மனப்போராட்டம், வில்லத்தனம் ஆகிய அனைத்தையும் விரலிடுக்கில் இருக்கும் சிகரெட்டு ஒன்றே உணர்த்திவிடும். சிவாஜி கணேசன் இதனை நடிப்பின் கருவியாகவே கையாண்டார். ‘சாந்தி’ (1965) படத்தின் பாடற்காட்சி ஒன்றில் அவர் புகைத்த பாங்கு இன்றளவும் பேசப்படுகிறது. எம்.ஜி.ஆர். இதற்கு நேர்மாறான பாதையைத் தேர்ந்தார். மதுவும் புகையும் தீண்டாத நாயகன் என்னும் பிம்பத்தை அவர் விடாது பேணினார். அப்பிம்பம் எவ்வாறு கட்டப்பட்டது, மக்கள் அதை எவ்வாறு ஏற்றனர் என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆய்வுநூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். எந்தச் சட்டமும் எம்.ஜி.ஆரை அவ்வாறு நடிக்குமாறு கட்டாயப்படுத்தவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மூன்றாவது நிலை ரஜினிகாந்துடன் வருகிறது. கே. பாலசந்தர் இயக்கிய ‘மூன்று முடிச்சு’ (1976) படத்தில் அவர் ஏற்றது எதிர்மறையான பாத்திரம். சிகரெட்டைக் காற்றில் வீசி உதட்டில் ஏந்தும் அவருடைய வித்தை அக்காலத்திலேயே இரசிகரைக் கவர்ந்தது. பின்னர் அவர் நாயகனாக உயர்ந்தபோது வில்லத்தனம் கழன்று விழுந்தது. வித்தை மட்டும் உடன் வந்தது. அறத்திலிருந்து பிரிந்து தனியே பயணிக்கவல்லது பாவனை என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. கதையின் முடிவில் தீயவன் தண்டிக்கப்படுகிறான், ஆகவே தீமை இல்லை என்னும் பழைய தணிக்கை நியாயம் இங்குச் செல்லுபடியாகாது. சிறுவன் கதையின் தீர்ப்பை வீட்டுக்குக் கொண்டுசெல்வதில்லை, கையசைவைக் கொண்டுசெல்கிறான்.

பிற நாடுகள் கண்ட வழிகள்

மேலைநாடுகளில் இச்சிக்கலின் வேர் பெரும்பாலும் பணத்தில் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1960இல் தொடங்கிய ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ கேலிச்சித்திரத் தொடருக்குத் தொடக்கத்தில் ஆதரவளித்த நிறுவனங்களுள் வின்ஸ்டன் சிகரெட்டும் ஒன்று. அத்தொடரின் பாத்திரங்களே விளம்பரத்தில் தோன்றிப் புகைத்தன. 1971 சனவரியில் அமெரிக்க வானொலி, தொலைக்காட்சிகளில் சிகரெட்டு விளம்பரம் நின்றது. அதன்பின் புகையிலை நிறுவனங்களின் கவனம் திரைப்படத்தின் உள்ளே திரும்பியது. ‘சூப்பர்மேன் 2’ படத்தில் தன் பொருள் தோன்றுவதற்காகவும், 1989இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘லைசென்ஸ் டு கில்’லில் தோன்றுவதற்காகவும் பிலிப் மோரிஸ் நிறுவனம் பணம் கொடுத்தது; பின்னதற்குக் கொடுத்த தொகை 3,50,000 டாலர். அமெரிக்க மாநிலங்கள் 46க்கும் பெரும் புகையிலை நிறுவனங்களுக்கும் இடையே 1998இல் ஏற்பட்ட உடன்படிக்கை இத்தகைய கொடுக்கல் வாங்கலைத் தடைசெய்தது. இங்கு எவரும் காட்சியைத் தணிக்கை செய்யவில்லை; காட்சியை விலைக்கு வாங்குவதையே தடுத்தனர்.

ஐரோப்பாவில் வேறு இரு வழிகள் தோன்றின. ‘லக்கி லூக்’ என்னும் புகழ்பெற்ற சித்திரக்கதையின் நாயகன் எப்போதும் உதட்டில் சிகரெட்டுடன் திரிந்தவன். அதன் படைப்பாளரான பெல்சிய ஓவியர் மோரிஸ் 1983இல் சிகரெட்டை அகற்றி அவ்விடத்தில் ஒரு வைக்கோல் துரும்பை வைத்தார். உலக சுகாதார நிறுவனம் 1988இல் அவரைப் பாராட்டிச் சிறப்பித்தது. படைப்பாளி தானே செய்த திருத்தம் இது.

மற்றது நான் வாழும் பிரித்தானியாவில் நிகழ்ந்தது. சிறுவர் அலைவரிசை ஒன்றில் காட்டப்பட்ட ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படங்கள் இரண்டில் புகைத்தல் இடம்பெறுவதாக நேயர் ஒருவர் முறையிட்டார். ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் 2006இல் அதனை ஆராய்ந்தது. அலைவரிசையை நடத்திய நிறுவனம் தன் களஞ்சியத்திலிருந்த 1,500க்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களை மீளாய்வு செய்ய முன்வந்தது. புகைத்தலைக் கவர்ச்சியாகவோ ஏற்கத்தக்கதாகவோ காட்டும் இடங்கள் மட்டுமே திருத்தப்படும் என்பது அதன் அளவுகோல். இரு அம்சங்கள் இங்கு நோக்கற்பாலன. முதலாவது, அந்த அலைவரிசையைப் பார்ப்போர் பெரும்பாலும் சிறுவர் என்பது ஐயமற்றது. இரண்டாவது, புகைத்தலின் எல்லாச் சித்திரிப்பும் ஒரே தரத்தினவாகக் கருதப்படவில்லை.

வயதுவகைச் சான்றிதழ் மற்றொரு வழி. 2007இல் அமெரிக்கத் திரைப்படச் சங்கம், தரம் வகுக்கும்போது புகைத்தலையும் கருத்திற் கொள்வதாக அறிவித்தது. பிரித்தானியத் திரைப்பட வகைப்பாட்டுச் சபையும், சிறுவரை ஈர்க்கும் படங்களில் புகைத்தல் மிகுதியாக இடம்பெற்றால் அதனைப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் நெறியைக் கொண்டிருக்கிறது.

சான்றுகள் கூறுவன

திரையைப் பார்த்துச் சிறார் புகைக்கத் தொடங்குகிறார்கள் என்பது வெறும் அச்சமா? இருபது ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கேட்பதில் நியாயம் இருந்தது. 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர், வெர்மாண்ட் மாநிலங்களில் அதுவரை புகைத்திராத 10 முதல் 14 வயதுவரையுள்ள சிறாரைப் பின்தொடர்ந்தது. திரையில் புகைத்தலை மிகுதியாகக் கண்டோர், குறைவாகக் கண்டோரைவிடப் புகைக்கத் தொடங்கும் வாய்ப்பு அதிகம் என அது கண்டது. பெற்றோரும் நண்பரும் புகைப்பவரா என்பது போன்ற காரணிகளைக் கழித்த பின்னரும் அத்தொடர்பு நீடித்தது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கிய அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012ஆம் ஆண்டு அறிக்கை, திரைச்சித்திரிப்புக்கும் இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கும் இடையே காரணகாரியத் தொடர்பு உண்டு என்று முடிவு கூறியது.

ஆகவே, ஏதேனும் செய்யத்தான் வேண்டுமா என்னும் வினா ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது என்பனவே எஞ்சியுள்ள வினாக்கள்.

இந்தியச் சட்டம் கடந்துவந்த பாதை

இந்தியாவில் திரைத்தணிக்கை ஆங்கிலேயர் 1918இல் இயற்றிய சட்டத்துடன் தொடங்குகிறது. இன்றைய முறை 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்பாற்பட்டது. அச்சட்டத்தின் கீழ் 1991இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், புகைத்தலை ஊக்குவிக்கும், நியாயப்படுத்தும் அல்லது கவர்ச்சியாக்கும் காட்சிகள் இடம்பெறலாகாது என்று முன்னமே கூறின. கவர்ச்சியாக்கல் என்னும் சொல்லே இந்நெறியின் உயிர். அது தணிக்கையாளரிடம் ஒரு தீர்ப்பைக் கோரியது. நடைமுறையில் அத்தீர்ப்பு வழங்கப்படவில்லை. நாயகனின் புகைவளையங்கள் அனைவரும் பார்க்கத்தக்க ‘யு’ சான்றிதழுடன் திரையேறின.

2002இல் வெளிவந்த ‘பாபா’ தமிழகத்தில் இவ்விவகாரத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. இரசிகரான இளைஞரை ரஜினிகாந்தின் புகைத்தற் காட்சிகள் கெடுக்கின்றன என்று பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் மருத்துவர் ச. இராமதாசு கண்டித்தார், அக்கட்சியினர் போராட்டத்தில் இறங்கினர். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சி போட்டியிட்ட ஆறு தொகுதிகளிலும் அதற்கு எதிராகப் பணியாற்றுமாறு ரஜினிகாந்த் தம் இரசிகரைக் கேட்டுக்கொண்டார். ஆறிலும் அக்கட்சியே வென்றது. அதே ஆண்டு நிறுவனரின் மகன் மருத்துவர் அன்புமணி இராமதாசு நடுவண் அரசின் சுகாதார அமைச்சரானார். ஒரு திரைப்படச் சர்ச்சையே ஒரு தேசிய விதியைப் பெற்றெடுத்தது என்று கூறிவிட முடியாது. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003இலேயே இயற்றப்பட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சாசனத்தை இந்தியா 2004 பிப்ரவரியில் ஏற்புறுதி செய்திருந்தது. எனினும் அனைத்திந்தியத் திரைத்துறைக்கும் பொருந்திய ஒரு விதிக்குத் தமிழகத்தின் அரசியல் அனுபவம் பின்புலமாக இருந்தது என்பதை வரலாற்றாளர் புறந்தள்ள இயலாது.

2005 மே 31, உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று, திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் புகைத்தற் காட்சிகளை முற்றாகத் தடைசெய்யும் விதிகளைச் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதனுடன் முழுமையாக உடன்படவில்லை. பிற்பாடு செய்யப்பட்ட திருத்தங்கள் சில விலக்குகளை அளித்தன. இயக்குநர் மகேஷ் பட் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடினார். அமர்வின் இரு நீதிபதிகளும் கருத்து மாறுபட்டதால் வழக்கு மூன்றாம் நீதிபதியிடம் சென்றது. 2009 சனவரியில் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் விதிகளைச் செல்லாதவை என அறிவித்தார். புகைத்தல் வாழ்க்கையில் உள்ளதொரு நடப்பு. அது சட்டப்படி குற்றமன்று. உள்ளதைக் காட்டும் உரிமை கலைஞனுக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை இந்தியத் தணிக்கைச் சட்ட மரபில் வைத்துப் பார்த்தல் பயனுடையது. கே.ஏ. அப்பாஸ் வழக்கில் 1970இல் உச்சநீதிமன்றம் திரைப்படத்துக்கு முன்தணிக்கை தகும் என்று கூறியது. ஏனைய கலைவடிவங்களைவிட ஆழமாக உணர்ச்சியைத் தூண்டவல்லது திரைப்படம் என்பதும், சிறாரின் மனத்தை அது எளிதில் பற்றும் என்பதும் அதன் நியாயத்தில் அடங்கும். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் தமிழ்ப் படம் தொடர்பாக 1989இல் அதே நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, திரைப்படத்தின் தனி ஆற்றலை ஒப்புக்கொண்டே கருத்துரிமையைக் காத்தது. குழந்தை என்னும் காரணம் அரசுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அக்கதவின் வழியே அரசு எவ்வளவு தூரம் நுழையலாம் என்பதே ஒவ்வொரு வழக்கிலும் எழும் கேள்வி.

தடை தளர்ந்த இடத்தை எச்சரிக்கை நிரப்பியது. 2011 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, 2012 அக்டோபர் 2 முதல் திருத்தப்பட்ட வடிவில் செயற்பட்டுவரும் விதிகளின்படி, படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் குறைந்தது 30 விநாடி நலவாழ்வுக் குறும்படங்கள், 20 விநாடி ஒலி–ஒளி அறிவிப்பு, காட்சி நீடிக்கும்வரை திரையடியில் நிலையான எச்சரிக்கை ஆகியவை கட்டாயம். இடையே, இத்தகைய காட்சிகளைச் சான்றிதழ் வகையோடு பிணைக்கும் எண்ணமும் எழுந்தது; அது நிலைபெறவில்லை.

எச்சரிக்கை வரியின் இயல்பு

தடையினும் எச்சரிக்கை மென்மையானது. கலைஞனின் காட்சியை அது வெட்டுவதில்லை. அந்த அளவில் அது முன்னேற்றமே. ஆயினும் அதற்கு மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, அது வயதை அறியாது. குழந்தை நுழையவே முடியாத ‘ஏ’ சான்றிதழ்ப் படத்திலும், குழந்தை மடியில் அமர்ந்து பார்க்கும் ‘யு’ சான்றிதழ்ப் படத்திலும் அதே வரி, அதே குறும்படம். முதிர்ந்தவருக்கு அது தேவையற்ற அறிவுரை. குழந்தைக்கோ போதாத காப்பு. 2013இல் அமெரிக்க இயக்குநர் வுடி ஆலன் தம் ‘ப்ளூ ஜாஸ்மின்’ படத்தில் இவ்வரிகளைச் சேர்க்க மறுத்து இந்தியாவில் அதனை வெளியிடாது விட்டார். முதிர்ந்தோருக்காக எடுக்கப்பட்ட ஒரு படத்தை முதிர்ந்தோர் இழந்தனர். அதனால் எந்தக் குழந்தையும் காக்கப்படவில்லை.

இரண்டாவது, அது பொருளை அறியாது. கௌதம் மேனனின் ‘வாரணம் ஆயிரம்’ (2008) படத்தில் தந்தையின் புகைப்பழக்கம் அவரைப் புற்றுநோய்க்கும் இறப்புக்கும் இட்டுச்செல்கிறது. அப்படத்தையும், புகையை வீரத்தின் அணிகலனாக்கும் படத்தையும் தொலைக்காட்சி ஒரே வரியுடன் ஒளிபரப்புகிறது. எல்லாக் காட்சிக்கும் பொதுவான எச்சரிக்கையை விழி விரைவில் பழகிக்கொள்ளும். பழகிய விழி அதனைக் காண்பதில்லை.

மூன்றாவது குறை புலம்பெயர் சூழலில் தெளிவாகப் புலப்படுகிறது. இலண்டனிலோ தொறொன்ரோவிலோ தமிழ்ப்படம் பார்க்கும் குழந்தைகளிற் பலர் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வர்; எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் காட்சி மாறிவிடும். தமிழகத்திலும் எழுத்தறியாத சின்னஞ்சிறாரின் நிலை இதுவே. நாயகனின் உதட்டசைவு மொழி கடந்து சென்றடைகிறது. எச்சரிக்கையோ எழுத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

விளைவுகளைப் பொறுத்தவரை அடக்கம் தேவை. இந்தியாவில் 13–15 வயது மாணவரிடையே புகையிலைப் பயன்பாடு 2009இல் 14.6 விழுக்காடாக இருந்து 2019இல் 8.5 விழுக்காடாகக் குறைந்ததை இளையோர் புகையிலை ஆய்வு காட்டுகிறது. மகிழத்தக்க இறக்கம் இது. இதே காலத்தில் வரி உயர்வு, பொதுவிடங்களில் புகைத்தற்தடை, 2016 முதல் பொட்டலத்தின் 85 விழுக்காட்டுப் பரப்பை நிறைக்கும் படஎச்சரிக்கை ஆகியனவும் வந்தன. இவற்றுள் திரைவரியின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் கூற இயலாது. மேலும் இந்தியாவின் புகையிலைப் பயன்பாட்டிற் பெரும்பகுதி மெல்லும் புகையிலையும் பீடியும் சார்ந்தது. திரை கொண்டாடியதோ சிகரெட்டை.

நாயகனின் விலகலும் சுவரொட்டியும்

தமிழ்த் திரையில் பழக்கத்தை மாற்றிய ஆற்றல் எது? மேலைநாட்டில் சிகரெட்டைத் திரைக்குள் கொணர்ந்தது நிறுவனத்தின் பணம். அப்பணத்தைத் தடுத்தது பயன் தந்தது. தமிழில் அதனைக் கொணர்ந்தது நாயக பிம்பம். ஆகவே பிம்பத்தின் வழியேதான் மாற்றமும் வந்தது. அரசியல்வாதிகளும் மருத்துவர்களும் விடுத்த வேண்டுகோளுக்குப் பின் ரஜினிகாந்த் தம் அடையாளமாக இருந்த சிகரெட்டு வித்தையைக் கைவிட்டு ‘சிவாஜி’ (2007) படத்தில் மெல்லும் மிட்டாயை வைத்து அதே பாவனையை நிகழ்த்தினார். மோரிஸ் தம் நாயகனின் உதட்டில் வைத்த வைக்கோல் துரும்புக்கு இது தமிழ் இணை. இரசிகர் பாவனையை இழக்கவில்லை. நஞ்சு மட்டும் நீங்கியது.

2018 சூனில் வெளியான ‘சர்கார்’ படத்தின் முதற்பார்வைச் சுவரொட்டியில் நடிகர் விஜய் புகைப்பவராகத் தோன்றினார். எதிர்ப்பு எழுந்தது, தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை அறிவிப்பு அனுப்பியது, படக்குழு சமூக ஊடகங்களிலிருந்து அப்படத்தை அகற்றியது. கலையுரிமையில் தலையீடு என்று இதனைச் சிலர் கருதினர். என் நோக்கில் இது விதிகள் தம் குறியைச் சரியாகத் தொட்ட அரிய தருணம். சுவரொட்டிக்கும் முன்னோட்டத்துக்கும் அரங்கின் வாயிற்காவலர் இல்லை. பள்ளி செல்லும் வழியிலும் கைப்பேசியிலும் எல்லா வயதினரும் அவற்றைக் காண்பர். மேலும் சுவரொட்டியில் கதை இல்லை. பாவனை மட்டுமே உண்டு. கதையின் தேவை என்னும் கலைஞனின் வாதம் மிக வலுக்குன்றும் இடம் அதுவே.

முடிவுரை

2023 செப்டம்பர் முதல் இணையவழி ஒளிபரப்புத் தளங்களுக்கும் இதே எச்சரிக்கை முறையை இந்தியா விரிவாக்கியது. பழைய கருவி புதிய ஊடகத்துக்கு அப்படியே பெயர்க்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டு திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம், பெற்றோர் வழிகாட்டலுக்குரிய ‘யு/ஏ’ வகையை 7, 13, 16 என்னும் மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தது. 2024இல் அதற்குரிய விதிகள் வந்தன. சுகாதார விதி வயதைப் பார்க்காதிருக்கையில், தணிக்கைச் சட்டம் வயதை நுணுகிப் பார்க்கத் தொடங்கியுள்ளது. இவ்விரண்டும் இன்னும் ஒன்றோடொன்று பேசவில்லை.

அவை பேசுமாயின் மூன்று மாற்றங்கள் இயலும். சிறுவருக்கான வகைகளில் புகைத்தலைக் கவர்ச்சியாக்கும் காட்சிகளுக்கு 1991ஆம் ஆண்டு நெறியை மெய்யாகவே நடைமுறைப்படுத்தலாம். 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களில் திரையடி வரியை நீக்கி, கலைஞனின் சட்டகத்தை அவனிடமே ஒப்படைக்கலாம். சுவரொட்டி, முன்னோட்டம், பாடற்காட்சி போன்று வயது தடுக்கவியலாத வடிவங்களில் மேற்பார்வையை இறுக்கலாம். வீட்டிலும் கைப்பேசியிலும் வயதுவகை மீறப்படும் என்று மறுப்போர் கூறுவர். அம்மறுப்பு உண்மையானதே. எனினும் மீறப்படும் வேலிக்குப் பதிலாக எவரும் வாசிக்காத அறிவிப்புப் பலகையை நடுவது தீர்வாகாது. வயதுவகை பெற்றோரின் கையில் ஒரு செய்தியையேனும் கொடுக்கிறது. திரையடி வரி அவர்களிடம் எதையும் கேட்பதில்லை.

குழந்தையைக் காத்தல் ஒரு சமூகத்தின் மறுக்கவியலாக் கடமை. அதனாலேயே அது தணிக்கைக்கு மிக எளிதாகக் கிடைக்கும் நியாயமும் ஆகும். அந்நியாயத்தைக் கையில் எடுப்போர், தாம் இயற்றும் விதி குழந்தையைச் சென்றடைகிறதா என்று காட்டக் கடமைப்பட்டவர். இருபது ஆண்டுத் தமிழ்த்திரை அனுபவம் அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமையை நமக்கு அளித்திருக்கிறது.